உயரம் குறையாமல் ட்ராக்குக்கு அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நாலாம்கியர்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக், சுமார் 1,250 கிலோ. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக), பின்னால் மல்டிலிங்க் (பல இணைப்புக் கம்பிகள்). பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. தினசரி ஓட்டத்துக்கும் இதே கார்தான், அவ்வப்போது ட்ராக் டேக்கும் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) கொண்டு போகிறேன். கம்பெனி சஸ்பென்ஷனில் நீண்ட வளைவுகளில் கார் ரொம்பச் சாய்கிறது. இடமும் வலமுமாக மாறி மாறி வரும் வளைவுகளில் பாடி ஆடி அடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. முன்டயர்களின் வெளி விளிம்பு மட்டும் மொத்தமாகத் தேய்கிறது.

உயரத்தைக் குறைக்க வழியே இல்லை. தினம் ஏறி இறங்கும் சரிவு செங்குத்தானது, வேகத்தடைகளும் உயரம். இப்போதே பம்பரின் அடி உரசுகிறது. காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து, திருகி உயரம் மாற்றும் செட்) என்று தேடினால் எல்லாமே "இத்தனை மி.மீ. இறங்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதை வாங்கி, மேலே வரை திருகி, பழைய உயரத்திலேயே வைத்து ஓட்டலாமா? இல்லை, வேறு வழி பார்க்க வேண்டுமா?

ரெட்லைன்:
ட்ராக்குக்கு என்றால் ஒரு 25 மி.மீ.யாவது இறக்குங்கள் நண்பரே. எடை மையம் கீழே வந்தால்தான் கார் திரும்பும். உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு காயில்ஓவருக்குச் செலவு செய்வதில் பாதிப் பயன்தான். சரிவுக்குக் குறுக்காக மெதுவாக ஏறிப் பழகிக்கொள்ளலாம்.

ரோல்சென்டர்:
ரெட்லைன் சொல்வதைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வளைவில் உள் டயர்களிலிருந்து வெளி டயர்களுக்கு மாறும் மொத்தச் சுமை நாலே விஷயங்களைப் பொறுத்தது: காரின் எடை, பக்கவாட்டு விசை, எடை மையத்தின் உயரம், இடது வலது டயர்களுக்கு நடுவே உள்ள அகலம். ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பது இந்த மொத்தத்தில் வராது.

1,250 கிலோ கார், எடை மையம் தரையிலிருந்து 500 மி.மீ., அகலம் 1,500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1 ஜி வளைவில் சுமார் 417 கிலோ மாறும். 25 மி.மீ. இறக்கினால் அது 396 ஆகும். அதாவது ஐந்து சதவீதம். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெக்பெர்சன் காரில் அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும்.

கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) பெரும்பாலும் கிடைமட்டமாக இருக்கும், அல்லது வெளிப்பக்க நுனி கொஞ்சம் தாழ்ந்திருக்கும். காரை இறக்கினால் அந்த நுனி மேலே போய்விடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) எடை மையத்தை விட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் பாடியைச் சாய்க்கும் நெம்புகோல். இறக்கினால் அது நீள்கிறது. எடை மையம் இறங்கியும் கார் அதே ஸ்பிரிங்கில் முன்பை விட அதிகமாகச் சாயலாம். ஆர்மின் கோணம் மாறிய பிறகு, சாயும்போது வெளிச்சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். டை ராடும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) லோயர் ஆர்மும் ஒரே வளைவில் நகராமல் போனால் பம்ப் ஸ்டியர் வேறு: கர்பில் (ட்ராக்கின் ஓர மேட்டில்) ஏறும்போது ஸ்டியரிங்கைத் திருப்பாமலே டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் கோணம்) மாறும்.

நாலாம்கியர் சொல்கிற மூன்று குறைகளும் (சாய்வு, ஆடி அடங்காமை, டயரின் வெளி விளிம்பு) உயரத்தால் வந்தவை அல்ல. ஸ்பிரிங், டேம்பிங் (ஷாக், அதாவது டேம்பர், ஆட்டத்தை அடக்கும் அளவு), கேம்பர் ஆகிய மூன்றையும் சரிசெய்தால் போதும். மூன்றையும் இப்போதைய உயரத்திலேயே செய்யலாம்.

ரெட்லைன்:
அப்படியானால் ரேஸ் கார்கள் ஏன் தரையோடு தரையாக ஓடுகின்றன?

ரோல்சென்டர்:
நல்ல கேள்வி. அவற்றில் ஆர்ம்கள் பாடியில் மாட்டும் இடமும், பால் ஜாயின்ட் உயரமும் அந்த உயரத்துக்கென்றே அமைக்கப்படுகின்றன. இறக்கினாலும் ஆர்ம் கோணம் கெடாது. ஓடும்போது காற்று கீழே அழுத்தும் விசையை நம்பி ஓடும் கார் என்றால் அடித்தளத்தின் உயரமே அதன் பிடியைத் தீர்மானிக்கும். சாலைக் காரில் ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால் அந்தப் பலன்கள் தானாக வந்துவிடாது. இரட்டை விஷ்போன் (சக்கரத்துக்கு மேலும் கீழும் ஆர்ம் உள்ள) கார்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஸ்ட்ரட் கார் பொறுக்காது.

ஸ்பானர்கை:
காயில்ஓவரை மேலே வரை திருகி வைக்கலாமா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். பட்டறையில் அடிக்கடி பார்க்கிற விஷயம் இது.

காயில்ஓவரில் இரண்டு ஜாதி உண்டு. முதல் ஜாதியில் ஸ்பிரிங் அமரும் தட்டை மேலும் கீழும் திருகித்தான் உயரம் மாற்ற முடியும். இந்த வகையில் டேம்பரே கம்பெனி டேம்பரை விடக் குட்டை. தட்டை மேலே ஏற்ற ஏற்றக் கார் உயரும், ஆனால் தண்டு வெளியே நீண்டுகொண்டே வரும். சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம், அதாவது ட்ரூப், குறைந்துகொண்டே போகும்.

ஒரு முன் மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 300 கிலோ, ஸ்பிரிங் 6 கிலோ/மி.மீ. என்று கொள்வோம் (ஸ்ட்ரட்டில் சக்கரம் நகரும் அளவும் டேம்பர் நகரும் அளவும் ஏறக்குறைய ஒன்றே). கார் தரையில் நிற்கும்போது ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கியிருக்கும். பிரீலோட் (சக்கரம் தொங்கும்போதே ஸ்பிரிங் அமுங்கியிருப்பது) இல்லாவிட்டால் ட்ரூப் 50 மி.மீ. உயரத்தை மீட்க தட்டை 20 மி.மீ. ஏற்றினால் ட்ரூப் 30 ஆகிவிடும். வளைவில் பாடி 2.5 டிகிரி சாய்ந்தால், 1,500 மி.மீ. அகலத்தில் உள்சக்கரம் சுமார் 33 மி.மீ. கீழே இறங்கியாக வேண்டும். இறங்க இடம் இருப்பதோ 30. தண்டு உச்சியில் முட்டிக்கொள்ளும், உள்டயர் தரையை விட்டுத் தூக்கும். முன்சக்கர டிரைவில் அதோடு டிராக்‌ஷனும் போய்விடும். மேடு தாண்டும்போது "டங்" என்று கேட்கும் சத்தமும் பல நேரம் இதுதான்.

"பிரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும்" என்று சிலர் சொல்வார்கள். நேர்கோட்டு ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. 6 கிலோ ஸ்பிரிங் எந்தப் பிரீலோடிலும் 6 கிலோதான். மாறுவது உயரமும், மேலே கீழே மிச்சமிருக்கும் பயணமும் மட்டுமே.

நாலாம்கியர்:
இது இவ்வளவு தெளிவாக எங்கும் படித்ததில்லை, நன்றி அண்ணா. அந்த இரண்டாவது ஜாதி?

ஸ்பானர்கை:
அதில் கீழ் பிராக்கெட்டே தனியாகத் திருகும். டேம்பரின் மொத்த நீளம் மாறும். ஸ்பிரிங் தட்டைத் தொட வேண்டியதில்லை. பிரீலோடும் ஸ்ட்ரோக்கும் (தண்டு நகரும் மொத்தத் தூரம்) அப்படியே இருக்க உயரம் மட்டும் ஏறி இறங்கும். டெயின் ஃப்ளெக்ஸ் இசட் இந்த வகைதான். ஓலின்ஸ் ரோட் அண்ட் ட்ராக்கின் ஸ்ட்ரட்களும் இப்படித்தான். உயரம் குறைக்க விரும்பாதவர் காயில்ஓவர் எடுத்தால் இந்த ஜாதியைத்தான் எடுக்க வேண்டும்.

ஆனாலும் எல்லை உண்டு. பிராக்கெட்டுக்குள் டேம்பர் உடலின் மரை குறைந்தபட்சம் இவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்திருப்பார். அதைத் தாண்டி வெளியே இழுத்தால் மரை அறுந்து ஸ்ட்ரட் கழன்று வரும். அந்த அளவுக்கு உட்பட்டு உங்கள் காரின் கம்பெனி உயரம் கிடைக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பில்ஸ்டீன், கேடபிள்யூ போன்றவர்கள் ஒவ்வொரு காருக்கும் எத்தனை மி.மீ. முதல் எத்தனை மி.மீ. வரை இறங்கும் என்று பட்டியலிலேயே தருகிறார்கள். அதில் தொடக்க எண் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள்.

மிட்கார்னர்:
காயில்ஓவரே வேண்டாம் என்று ஒரு கட்சி இங்கே இருக்கிறது, நான் அந்தக் கட்சி.

கம்பெனி ஷாக்கின் அளவிலேயே, கம்பெனி ஸ்பிரிங்கோடு மாட்டக்கூடிய அட்ஜஸ்டபிள் டேம்பர்கள் இருக்கின்றன. உயரம் அப்படியே நிற்கும். கோனி ஸ்போர்ட், அந்த மஞ்சள் ஷாக், இதில் பழைய பெயர். ரீபவுண்டை (தண்டு நீளும்போது தரும் தடை) மட்டும் மாற்றலாம், கம்ப்ரஷனை (தண்டு அமுங்கும்போது தரும் தடை) மாற்ற முடியாது. ட்ராக்கில் பாடியின் ஆட்டத்தை அடக்குவது பெரும்பாலும் ரீபவுண்ட்தான் என்பதால் இது பெரிய குறையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: சில கார்களின் பின் ஷாக்கைக் கழற்றி, முழுவதும் அமுக்கித்தான் திருக முடியும். ட்ராக்கில் இரண்டு செஷனுக்கு நடுவே அதைச் செய்ய யாருக்கும் நேரமிருக்காது. உங்கள் காருக்கான பாகம் எந்த வகை என்று முதலிலேயே பாருங்கள். டெயின் எண்டியூராப்ரோ ப்ளஸ்ஸும் கம்பெனி அளவு ஷாக்தான், 16 நிலை. ஆனால் அதன் குணம் சாலைக்கு நெருக்கமானது.

பில்ஸ்டீனில் பி6, பி8 இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பி6 கம்பெனி உயரத்துக்கு. பி8 உடல் குட்டையானது, இறக்கும் ஸ்பிரிங்குக்காகச் செய்தது. உயரம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் பி6. ஆனால் இரண்டிலும் திருகும் வசதி கிடையாது.

ரெட்லைன்:
கம்பெனி ஸ்பிரிங் 3 கிலோ/மி.மீ. பக்கம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த டேம்பர் போட்டாலும் கார் கடைசியில் அதே அளவு சாயத்தானே போகிறது? டேம்பர் சாய்வின் வேகத்தைத்தான் குறைக்கும்.

ரோல்சென்டர்:
சரியான பாயின்ட். நீண்ட வளைவில் கார் நிலைத்து நிற்கும்போது டேம்பருக்கு வேலை இல்லை. அங்கே ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும்தான் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) தாங்க வேண்டும். அதனால் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். பலர் இடறுகிற இடமும் இதுதான்.

"ஸ்பிரிங் மாற்றினால் கார் இறங்கும்" என்பது கடையில் விற்கும் ஸ்பிரிங்குகளைப் பார்த்து வந்த எண்ணம். கடினமான ஸ்பிரிங்கைக் கம்பெனி ஸ்பிரிங்கின் அதே நீளத்தில் போட்டால் கார் உயரும். அதே 300 கிலோ மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிலோ ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கும், 6 கிலோ ஸ்பிரிங் 50தான் அமுங்கும். நீளம் ஒன்றாக இருந்தால் கார் 50 மி.மீ. மேலே நிற்கும். பழைய உயரம் வேண்டுமென்றால் புது ஸ்பிரிங் 50 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் கட்டற்ற நீளமும் தட்டின் இடமும். கடினத்தை நாம் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இதில் ஒரு பின்விளைவு இருக்கிறது. கம்பெனி நீள ஸ்ட்ரட்டில் ட்ரூப் 80 மி.மீ. என்றால், கார் ஜாக்கில் ஏறியதும் தண்டு 80 மி.மீ. நீளும். 6 கிலோ ஸ்பிரிங்கோ 50 மி.மீ. விரிந்ததும் தளர்ந்துவிடும். மீதி 30 மி.மீ.க்கு அது தட்டில் கடகடவென்று ஆடும், இடம் மாறியும் உட்காரலாம். இதற்காகத்தான் ஹெல்ப்பர் ஸ்பிரிங்: பட்டையான கம்பியில் செய்த மெல்லிய ஸ்பிரிங், காரின் எடை ஏறியதும் முழுக்கப் படுத்துவிடும், சக்கரம் தொங்கும்போது மட்டும் விரிந்து பெரிய ஸ்பிரிங்கை இடத்தில் பிடித்து வைக்கும். நீண்ட ஸ்ட்ரோக் வைத்துக்கொண்டு கடின ஸ்பிரிங் போடுபவர்களுக்கு இது கட்டாயம். படுத்த நிலையில் அதன் தடிமனையும் உயரக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

எவ்வளவு கடினம் வேண்டும் என்பதற்கு அலைவெண் (ஸ்பிரிங்கில் பாடி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது) பார்ப்பது வழக்கம். அதே மூலையில் 3 கிலோ ஸ்பிரிங் சுமார் 1.6 ஹெர்ட்ஸ், 6 கிலோ சுமார் 2.2 ஹெர்ட்ஸ். சாதாரணச் சாலைக் கார்கள் 1 முதல் 1.5க்குள் இருக்கும். 2க்கு மேல் போனால் ட்ராக்கில் இனிக்கும், குண்டும் குழியுமான சாலையில் தினமும் கசக்கும். தினசரிக் கார் என்பதால் நான் 4.5 பக்கம் நிற்பேன் (சுமார் 1.9 ஹெர்ட்ஸ்), மிச்சச் சாய்வை ஆன்டி-ரோல் பாரிடம் விட்டுவிடுவேன்.

ஸ்பிரிங் இரண்டு மடங்கு கடினமானால், அதே அளவு அடக்கத்துக்கு டேம்பிங் சுமார் 1.4 மடங்கு வேண்டும் (இரண்டின் வர்க்கமூலம்). கோனியின் திருகு வரம்பு மிதமான ஸ்பிரிங்குக்குத்தான் ஈடுகொடுக்கும். 6, 7 கிலோவுக்குப் போகிறவர் அதற்கேற்ற வால்விங் (உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அமைப்பு) உள்ள டேம்பரைத்தான் எடுக்க வேண்டும்.

மிட்கார்னர்:
ஒரு சின்னச் சேர்க்கை. ட்வின் ட்யூப் (இரட்டைக் குழாய்) டேம்பரிலிருந்து மோனோட்யூபுக்கு (ஒற்றைக் குழாய், உள்ளே அழுத்தமான வாயு) மாறினால் கார் சில மி.மீ. உயரலாம். உள்ளே இருக்கும் வாயு அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 14 மி.மீ. தண்டு, 20 பார் அழுத்தம் என்றால் சுமார் 31 கிலோ விசை. 3 கிலோ ஸ்பிரிங்கில் அது 10 மி.மீ.! உயரம் வேண்டும் என்பவருக்கு இது இலவசம். மோனோட்யூபில் சூடும் சீக்கிரம் வெளியேறும், நீண்ட செஷனில் டேம்பிங் எளிதில் தளராது.

தூசிப்பாதை:
டார்மாக் ராலிக்குச் செய்யும் டேம்பர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. மேடுபள்ளமான தார்ச்சாலையில் முழு வேகத்தில் ஓடவேண்டிய கார்களுக்கானவை. ஸ்ட்ரோக் நீளம், உயரத்தைக் காக்கவேண்டும் என்ற நோக்கத்திலேயே செய்தவை, பிரித்து வால்விங் மாற்றவும் முடியும். ஸ்பிரிங் கடினம், நீளம், உயரம் எல்லாம் நாம் சொல்லிச் செய்து வாங்கலாம். ஆனால் குறித்த காலத்தில் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்ற வேண்டும். தினசரி ஓட்டத்தில் மழை, தூசு எல்லாம் படும் என்பதால் அந்தப் பராமரிப்பை ஏற்பவர் மட்டும் எடுக்கலாம்.

ஹேர்பின்:
எல்லாரும் டேம்பரிலேயே நிற்கிறீர்கள். டயரின் வெளி விளிம்பு தேய்வதற்கு மருந்து கேம்பர். கம்பெனி உயரத்தில் ஸ்ட்ரட் காரில் முன்னால் கேம்பர் மைனஸ் 1 டிகிரியைத் தாண்டுவது அரிது. ட்ராக்கில் அதற்கு மைனஸ் 2.5, 3 வேண்டும். இறக்கினால் கொஞ்சம் கேம்பர் கிடைக்கும் என்பதற்காகவே பலர் இறக்குகிறார்கள். கேம்பர் பிளேட் (ஸ்ட்ரட்டின் மேல் முனையை உள்ளே நகர்த்த விடும் மவுன்ட்) போட்டால் உயரத்தைத் தொடாமலே அது கிடைக்கும்.

வாங்கும்போது பிளேட்டின் மொத்தத் தடிமனைக் கேளுங்கள். கம்பெனி மவுன்ட்டை விட மெல்லியதாக இருந்தால் கார் அந்த அளவுக்கு இறங்கிவிடும், தடித்ததாக இருந்தால் ஏறும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். ட்ராக் நிலை, சாலை நிலை இரண்டுக்கும் டோவை அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கர டிரைவ் என்பதால் பின்பக்கம் ஓட்டை மாற்றி மாட்டும் கடினமான ஆன்டி-ரோல் பார் போடுங்கள். சாய்வு குறையும், அண்டர்ஸ்டியரும் (திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் கார் வெளியே தள்ளிப் போவது) குறையும், உயரம் ஒரு மி.மீ. கூட மாறாது. என்னைக் கேட்டால் இந்தக் காருக்கு முதல் செலவு கேம்பர் பிளேட், இரண்டாவது பின் பார், மூன்றாவதுதான் டேம்பர்.

ரெட்லைன்:
வரிசையில் மட்டும் உடன்பாடில்லை. ஆடி அடங்கவில்லை என்றாரே, அதற்கு பார் உதவாது. டேம்பர் முதலில். மற்றபடி ரோல்சென்டர் கணக்கைப் பார்த்த பிறகு இறக்கச் சொன்னதை வலியுறுத்த மாட்டேன்.

நாலாம்கியர்:
எல்லாவற்றையும் படித்து ஒரு முடிவுக்கு வந்தேன். முழு நீளம் மாறும் காயில்ஓவர், முன் ஸ்பிரிங் 4.5 கிலோ. கம்பெனி உயரத்தில் நிறுத்த முடியும் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்துவிட்டார், முன்னால் நீளமான ஸ்பிரிங்கும் ஹெல்ப்பரும் சேர்த்து அனுப்புகிறார். கேம்பர் பிளேட் அதே செட்டில் வருகிறது. பின் பார் அடுத்த கட்டம். டேம்பரில் ஒரே திருகு, ரீபவுண்டைத்தான் அதிகம் மாற்றும், கம்ப்ரஷன் கூடவே கொஞ்சம் நகரும். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்பானர்கை:
நல்ல முடிவு. கழற்றுவதற்கு முன்பே நாலு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும்.

லோயர் ஆர்ம், பின் லிங்க் ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கிவிடக் கூடாது. தளர்வாக மாட்டி, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். உயரமும் பொய்யாகக் காட்டும்.

ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்துக் கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடை) பாருங்கள். குறுக்கு எடை (மூலைவிட்டமாக உள்ள இரு சக்கரங்களின் பங்கு) 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அதற்காக ஒரு மூலையை நாலைந்து மி.மீ. ஏற்றி இறக்குவது தப்பில்லை.

டேம்பர் திருகின் கிளிக்கை (ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று) எப்போதும் முழுக்கடின முனையிலிருந்து எண்ணுங்கள். அந்த முனை திட்டமாக நிற்கும். முட்டும் இடத்தில் பலம் போட்டுத் திருகாதீர்கள், உள்ளே இருக்கும் ஊசி கெட்டுவிடும்.

கடைசியாக, முன் டேம்பர் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டி, சீல் வரை தள்ளி வையுங்கள். செஷன் முடிந்து வந்ததும் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தண்டு எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அதை விட நேர்மையான சாட்சி கிடையாது.

நாலாம்கியர்:
மாட்டி, ட்ராக்கிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முன்னால் ஃபெண்டர் அளவு பழையதை விட 3 மி.மீ. கூடுதல், பின்னால் அப்படியே. சரிவில் முன்பு போலவே ஏறுகிறது.

முதல் செஷனில் நடு நிலையில் ஓட்டினேன். திசை மாற்றும் வளைவுகளில் பாடி உடனே அடங்குகிறது. ஆசைப்பட்டு முன்னால் இன்னும் நாலு கிளிக் கடினமாக்கினேன். வளைவுக்குள் நுழைவது கூர்மையானது, ஆனால் பிரேக் போடும் இடத்தில் தொடர்ச்சியாக இருக்கும் சிறு மேடுகளில் கார் தாழ்ந்துகொண்டே போவது போல இருந்தது, முன்டயர் பிடியை விட்டது. கேபிள் டையும் பம்ப் ஸ்டாப் (தண்டு கடைசி வரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) வரை போய் முட்டியிருந்தது. நடு நிலையில் ஓட்டியபோது பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு விரலகலம் முன்பே நின்றிருந்தது. இது ஏன்?

ரோல்சென்டர்:
ரீபவுண்ட் அதிகமாகிவிட்டது. ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுக்க இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடி கீழே இழுக்கப்பட்டு, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்காருகிறது. நிறுத்தி அளந்தால் உயரம் சரியாக இருக்கும், ஓடும்போது மட்டும் குறையும். மூன்று கிளிக் தளர்த்துங்கள், நுழைவில் இழந்த கூர்மையைப் பின் பாரில் எடுத்துக்கொள்ளலாம்.

ஹேர்பின்:
டயரின் வெளி விளிம்பு எப்படி?

நாலாம்கியர்:
மைனஸ் 2.6 டிகிரியில் வைத்திருந்தேன். தேய்மானம் அகலம் முழுக்க ஏறக்குறைய சமம், வெளிப்பக்கம் மட்டும் இன்னும் ஒரு நூல் அதிகம். சூடான நிலையில் காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கேம்பரைத் தொடப் போகிறேன். மூன்று கிளிக் தளர்த்தியாயிற்று. பின் பார் வந்ததும் முதலில் மென்மையான ஓட்டையில் மாட்டி ஓட்டிவிட்டு, கேபிள் டை அளவோடு இங்கே எழுதுகிறேன்.

ஸ்பானர்கை:
எழுதுங்கள். அதற்குள் ஒருமுறை பிராக்கெட் லாக் ரிங்குகளையும் கேம்பர் பிளேட் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்பப் பார்த்துவிடுங்கள். புதிதாக மாட்டியவை முதல் ட்ராக் டேக்குப் பிறகு கொஞ்சம் தளரும்.